மல்லாட்டைப் புண்ணாக்கும் தவிடும்: கெண்டை மீனுக்குக் குச்சித் தீவனம் செய்யும் முறை

மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் புண்ணாக்கைத் தவிட்டோடு பிசைந்து ஓட்டைச் சாக்கில் கட்டிக் குளத்தில் தொங்கவிடுவது கடலூர், பாகூர் பக்கத்துப் பண்ணைக்குட்டைகளில் பழைய வழக்கம். மீனும் வளரத்தான் செய்யும். ஆனால் போட்டதில் நல்ல பங்கு தண்ணீரில் கரைந்து குளத்துக்கு உரமாகப் போய்விடும். மேகம் மூடிய விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதற்கு அந்த உரமும் ஒரு காரணம். அதே சரக்கை அரைத்து, புளிக்க வைத்து, அவித்து, குச்சியாகப் பிழிந்து, சரியாகக் காய வைத்தால் குறைந்த தீவனத்தில் அதே மீன் கிடைக்கும். கடைசியாகச் சொன்ன 'சரியாகக் காய வைத்தால்' என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மற்ற வேலையெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

முதலில் எந்த மீனுக்கு என்பது தெளிவாக வேண்டும். இந்தக் குச்சி கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை ஆகியவற்றுக்கு. ஜிலேபி மீனுக்கும் ஒத்துவரும். விராலும் கொடுவாவும் புலால் தின்னிகள். இதைப் போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வனாமி இறால் தீவனத்தை நிதானமாகக் கொறித்துத் தின்பது, அதற்குத் தண்ணீரில் பல மணி நேரம் கரையாமல் நிற்கும் குச்சி வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

நம் பக்கம் பெரிய புதையல் மல்லாட்டைப் புண்ணாக்குதான். பண்ருட்டி, விருத்தாசலம், திண்டிவனம் வட்டாரங்களில் செக்கும் எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் பிழியும் இயந்திரமும் நிறைய. புரதம் 40 முதல் 45 சதம். மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் வெயிலில் காய்ந்து வரும். அதை ஆட்டிய புண்ணாக்கை அப்போதே வாங்கி வைப்பது நல்லது. ஐப்பசி மழையில் பிடுங்கி அரைகுறையாகக் காய்ந்த கடலையில் பூஞ்சை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் அது போகாது, புளிக்க வைத்தாலும் நம்பி விட முடியாது. கால்நடைத் தீவனத்துக்கு வைத்திருக்கும் 20 பிபிபி (கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்) வரம்பையே மீன் தீவனத்துக்கும் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் ஒரு டன் வாங்குபவர், தீவன ஆய்வுக்கூடத்துக்கு அரைக் கிலோ மாதிரி அனுப்பிப் பார்ப்பது செலவில்லை, காப்பு.

கடையில் நிற்கும்போது செய்யக்கூடியது இது. வில்லையை இரண்டாக உடைத்து உள்முறிவைப் பாருங்கள். வெளிப்பக்கம் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். உள்ளே பழுப்பும் வெண்மையும் கலந்த நிறம் சரி. சாம்பல் பூத்தது போலவோ பச்சை ஓடியோ இருந்தால், முகர்ந்தால் பழைய தலையணை வாசம் அடித்தால் விட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடித் தூளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் படியும், மேலே தோல் மிதக்கும். இரண்டும் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். புரதக் கணக்கை ஏற்றிக் காட்ட யூரியா கலப்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் தூளை ஊறவைத்து வடிகட்டிய நீரில் ஒரு சிட்டிகைத் துவரம்பருப்பு மாவு போட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். நீலமானால் யூரியா இருக்கிறது.

எள்ளுப் புண்ணாக்கில் ஒரு சூட்சுமம். செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ போடுவது நம் வழக்கம். அந்த இனிப்பு பெரும்பாலும் புண்ணாக்கிலேயே தங்கும். எடையில் ஒரு பங்கு சர்க்கரை என்றால் புரதம் அந்த அளவு குறைவு, ஈரத்தையும் இழுக்கும். அதனால் எக்ஸ்பெல்லர் எள்ளுப் புண்ணாக்கைக் கேட்டு வாங்குங்கள். 35 சதம் புரதம் என்று கணக்கு வைக்கலாம். கொஞ்சமாக இருந்தாலும் எள் வேண்டும். மல்லாட்டையிலும் சோயாவிலும் குறையும் மெத்தியோனின் என்ற புரதக் கூறு எள்ளில் நிறைய உண்டு. எள்ளில் குறையும் லைசின் என்ற இன்னொரு கூறு சோயாவில் உண்டு.

தவிட்டில் இரண்டு வகை. ஆலையில் அன்றன்றைக்கு விழும் பச்சைத் தவிட்டில் எண்ணெய் 12 முதல் 18 சதம். நெல்லை உரித்த கணத்திலிருந்தே அந்த எண்ணெய் காறத் தொடங்கிவிடும், ஒரு வாரத்தில் கசக்கும். சால்வென்ட் ஆலையில், அதாவது கரைப்பான் ஊற்றிப் பிரிக்கும் ஆலையில், எண்ணெய் எடுத்த தவிடு பல வாரம் நிற்கும், புரதமும் 15 சதம் வரை இருக்கும். நாம் பயன்படுத்துவது இரண்டாவது. கையில் எடுத்துத் தேய்த்தால் உமி குத்தக் கூடாது.

புதுச்சேரிப் பக்கம் பீர் ஆலையிலிருந்து வரும் பார்லிச் சக்கையை மாட்டுக்காரர்கள் டிராக்டரில் அள்ளிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த நிலையில் 20 முதல் 25 சதம் புரதம், மலிவு. ஆனால் வரும்போது நான்கில் மூன்று பங்கு தண்ணீர், நம் வெயிலில் இரண்டாம் நாளே நாறும். வந்த அன்றைக்கே சாக்கில் கட்டி மேலே கல் ஏற்றிப் பிழிந்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல் பரப்பிக் காய வைக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பார்லி உமி நிறைய இருப்பதால் தீவனத்தில் பத்து சதத்துக்கு மேல் வேண்டாம்.

பண்ருட்டி முந்திரிச் சரக்கைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. உடைந்த, கறுத்த பருப்பு கிடைத்தால் சேர்க்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி எண்ணெய் என்பதால் மூன்று சதத்தைத் தாண்ட வேண்டாம். பருப்பின் மேல் இருக்கும் செந்தோலில் டானின் அதிகம். துவர்ப்பு மீனுக்கும் பிடிக்காது, புரதத்தையும் கட்டிப்போடும். முந்திரிக்கொட்டையின் ஓட்டை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். அதன் எண்ணெய் கையைப் பொத்துவிடும், மீன் குடலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியாபாரி 'முந்திரித் தோல்' என்று சொன்னால் செந்தோலா, ஓடா என்று கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அதே கடையில் அடுக்கியிருக்கும் இலுப்பை, ஆமணக்கு, வேப்பம், புங்கம் புண்ணாக்கு எதுவும் தீவனம் அல்ல. இலுப்பைப் புண்ணாக்கு, குஞ்சு விடுமுன் குளத்தில் இருக்கும் களை மீனைக் கொல்லப் போடுவது. கடைக்காரர் ஒரே தராசில், ஒரே சாக்கில் நிறுத்துக் கொடுப்பார். சாக்கு மாறினால் குளமே மிதக்கும்.

விலையைப் பார்க்கும்போது கிலோ விலையை விடுங்கள். புரதம் ஒரு கிலோ என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், புரதம் 42 சதம் என்றால் 50-ஐ 0.42-ஆல் வகுத்தால் 119 ரூபாய். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பி கிலோ 12 ரூபாய் என்றால் மலிவாகத் தெரியும். புரதம் 2 சதம்தான், அதே கணக்கில் 600 ரூபாய். திப்பிக்குக் கொடுப்பது மாவுச்சத்துக்கான விலை என்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

நூறு கிலோவுக்குக் கணக்கு

மல்லாட்டைப் புண்ணாக்கு 30 கிலோ
எண்ணெய் எடுத்த சோயாத் தூள் 20 கிலோ
எண்ணெய் எடுத்த தவிடு 20 கிலோ, கோதுமைத் தவிடு 3 கிலோ
குருணை 9 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 8 கிலோ
மரவள்ளி மாவு 3 கிலோ
எண்ணெய் 2 கிலோ
மோனோ கால்சியம் பாஸ்பேட் 2 கிலோ
மீனுக்கான தாது, வைட்டமின் கலவை 1 கிலோ
வெல்லம் 1 கிலோ
லைசின் 500 கிராம், உப்பு 300 கிராம், பூஞ்சை தடுக்கும் கால்சியம் புரோப்பியோனேட் 200 கிராம்
இவற்றுக்கு மேல் சூடு தாங்கும் வைட்டமின் சி 50 கிராம்

புரதக் கணக்கு: மல்லாட்டை 12.6, சோயா 9, தவிடு இரண்டும் சேர்த்து 3.4, எள் 2.8, குருணை 0.7. மொத்தம் 28.5 சதம். வளரும் கெண்டைக்கு 25 முதல் 30 சதம் போதும். இதற்கு மேல் ஏற்றினால் கூடுதல் புரதம் அம்மோனியாவாகத் தண்ணீருக்குத்தான் போகும். காசும் போகும், குளமும் கெடும். பார்லிச் சக்கை இருந்தால் தவிட்டில் பத்துக் கிலோவை எடுத்துவிட்டுக் காய்ந்த சக்கை பத்துக் கிலோ வைக்கலாம்.

பாஸ்பேட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், வகையும் மாற வேண்டாம். செடியிலிருந்து வரும் சரக்கில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பெரும்பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி மீனிடம் இல்லை. கோழிக்குப் போடும் டை கால்சியம் பாஸ்பேட் கரைய அமிலம் வேண்டும். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, அமிலத்துக்கு எங்கே போகும்? அதனால்தான் நீரில் கரையும் மோனோ கால்சியம். உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டைப் போடலாமா என்று கேட்காதீர்கள், அதில் ஃப்ளோரின் இருக்கிறது.

எண்ணெயில் பாதி தவிட்டு எண்ணெய், பாதி ஆளிவிதை எண்ணெய் அல்லது மத்தி எண்ணெய். பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய எண்ணெய் ஆகாது. காறிய கொழுப்பு வைட்டமினை அழிக்கும்.

வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸ் போடலாமே என்று தோன்றும், நெல்லிக்குப்பம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் மொலாசஸ் கட்டுப்பாட்டுப் பொருள். உரிமம் இல்லாமல் வாங்கி இருப்பு வைக்கக் கூடாது. ஒரு கிலோ கறுத்த வெல்லத்தில் முடிகிற வேலைக்கு அந்த வம்பு எதற்கு?

அரைப்பது

வில்லைகளைச் சுத்தியலால் உடைத்து ஒரு வெயில் காய வைத்து, பல்வரைசரில் ஒரு மில்லிமீட்டர் சல்லடை போட்டு அரைக்க வேண்டும். ஊர் மாவு மில்லில் புண்ணாக்கை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கல் எண்ணெய்ப் பிசுக்காகும், அடுத்து வரும் மிளகாய்த்தூள்காரர் சண்டைக்கு வருவார். பல்வரைசரிலும் புண்ணாக்கைத் தனியாகப் போட்டால் பத்து நிமிடத்தில் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், சூடேறி எண்ணெய் கசியும். குருணையோடு கலந்து போடுங்கள், தடையில்லாமல் ஓடும். அரைத்ததைச் சலித்து, நெருடுவதை மறுபடி அரையுங்கள். பரல் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் குச்சி தண்ணீரில் வெடிக்கும்.

புளிக்க வைப்பது

தவிடு 20, கோதுமைத் தவிடு 3, எள்ளுப் புண்ணாக்குத் தூள் 8, ஆக 31 கிலோவை மட்டும் புளிக்க வைக்கிறோம். ஃபைட்டேட் அதிகமாக இருப்பது இவற்றில்தான். கோதுமைத் தவிட்டை ஏன் சேர்த்தோம் என்றால், ஃபைட்டேட்டை உடைக்கும் நொதி அதில் இயல்பாகவே நிறைய உண்டு, லேசான புளிப்பில் அது நன்றாக வேலை செய்யும். மல்லாட்டையை இதில் சேர்க்க வேண்டாம். பூஞ்சைக்குப் பிடித்த பண்டத்தை ஈரத்தில் இரண்டு நாள் வைப்பது வீண் ஆபத்து.

வெல்லம் ஒரு கிலோவை 14 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் 100 கிராமும் புளித்த தயிர் அரை லிட்டரும் சேர்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். நுரை கட்டியதும் தவிட்டின் மேல் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் முதல் நாளே பிடித்து வையுங்கள்.

ஈரம் சரியா என்று கைதான் சொல்லும். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, கை திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். புட்டுக்கு மாவு பிசறிப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. புட்டு மாவைவிட ஒரு சுற்று ஈரம் கூட.

நீல டிரம்மில் கொட்டி மிதித்து அமுக்கி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, ஓரத்தைச் சுற்றி மணல் பை வையுங்கள். மூடியை இறுக்கித் திருகி அடைக்கக் கூடாது. ஈஸ்ட் விடும் காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் டிரம் உப்பும், மூடி பறக்கும். நிழலில் 48 மணி நேரம். திறந்ததும் ஆப்ப மாவு, கள் போல ஒரு வாசம் வந்தால் சரி. புளிப்பைக் காட்டும் பீஎச் தாள் இருந்தால் 4.5-க்கும் 5-க்கும் இடையில் காட்டும். ஓரங்களில் வெள்ளைப் படலம் மட்டும் என்றால் வழித்து எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். பச்சையோ கறுப்போ கண்டால், அழுகிய முட்டை வாடை வந்தால், மொத்தமும் எருக்குழிக்கு. அப்படி ஆனதற்கு அநேகமாக ஈரம் கூடியது காரணம், இல்லாவிட்டால் அமுக்காமல் விட்ட காற்று.

கலப்பது, அவிப்பது, பிழிவது

லைசின், உப்பு, பாஸ்பேட், புரோப்பியோனேட் ஆகியவற்றைக் குருணை மாவு இரண்டு கிலோவில் முதலில் கலந்துகொள்ளுங்கள். 200 கிராம் பொருளை நேராக நூறு கிலோவில் தூவினால் ஒரு குச்சியில் பத்து மடங்கு இருக்கும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. இந்தக் கலவையை மல்லாட்டை, சோயா, மீதிக் குருணையோடு சேர்த்து, பிறகு புளித்த தவிட்டைச் சேருங்கள்.

மரவள்ளி மாவைப் பச்சையாகத் தூவினால் பசை பிடிக்காது. மூன்று கிலோவைப் பன்னிரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் கிண்டுங்கள். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆன பிறகே இறக்க வேண்டும். சூட்டோடு ஊற்றிப் பிசையுங்கள். அண்டாவில் தட்டு வைத்து, துணி விரித்து, இருபது கிலோ வீதம் இருபது நிமிடம் ஆவியில் அவியுங்கள். குருணையின் மாவுச்சத்து வெந்து பசையாகும், மீனுக்குச் செரிக்கவும் செய்யும். சோயாவில் மிச்சம் இருக்கும் செரிமானத் தடைப் பொருளும் இதில் அடங்கும். எண்ணெய் எடுக்காத முழுச் சோயாவைப் போடுபவர்களுக்கு இது போதாது. அவர்கள் வறுத்தோ வேகவைத்தோதான் அரைக்க வேண்டும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வைட்டமின் கலவை, வைட்டமின் சி, கடைசியாக எண்ணெய். வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெயை முன்னால் ஊற்றினால் மாவு ஒவ்வொன்றின் மேலும் படலமாகப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது, மாவு வேகாது, குச்சி உதிரும்.

பிழிவதற்கு, கறி அரைக்கும் இயந்திர வகையில் இரண்டு எச்.பி. மோட்டார் போட்டது போதும். குஞ்சுக்கு இரண்டு மில்லிமீட்டர் தகடு, கால் கிலோவைத் தாண்டிய மீனுக்கு நான்கு. பத்துப் பதினைந்து கிலோ செய்து பார்ப்பவர்களுக்கு முறுக்கு அச்சு தாராளம். இயந்திரம் இழுக்கத் திணறினால் மாவு வறண்டிருக்கிறது, அரை லிட்டர் தெளியுங்கள். வெளியே வந்த இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் ஈரம் கூடுதல், கொஞ்சம் தவிடு தூவுங்கள். இழையை நீளமாகவே காய விட்டு, முக்கால் காய்ச்சலில் கையால் நொறுக்கினால் தூள் குறைவாக விழும். மிதக்கும் தீவனம் இந்த இயந்திரத்தில் வராது. அதற்கு எக்ஸ்ட்ரூடர் வேண்டும், விலை லட்சங்களில். மூழ்கும் குச்சியைத் தட்டில் வைத்துப் போட்டால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

காய வைப்பது

இங்கே அவசரப்பட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

கடலோர ஊர்களில் ஈரப்பதம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பிற்பகலில் கடல் காற்று ஏறியதும் காற்றிலேயே ஈரம் வந்துவிடும். காலையில் காய்ந்த குச்சி சாயங்காலம் அதைத் திரும்பக் குடிக்கும். காலை ஏழரைக்கெல்லாம் பரப்பி, மூன்று மூன்றரைக்குள் அள்ளிவிடுங்கள். இரவில் களத்தில் விட்டுத் தார்ப்பாயால் மூடினால் போதும் என்பது நெல்லுக்கே சரிப்படாத யோசனை. சிமெண்ட் தரையைவிட, மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து இடுப்பு உயரத்தில் நிறுத்திய தட்டு நல்லது. அடியிலும் காற்று ஓடும், ஒன்றரை நாளில் காயும். ஒரு குச்சிக்கு மேல் ஒரு குச்சி என்ற கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கிளறுங்கள். கத்திரி வெயிலில் மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். நேர் வெயில் வைட்டமினையும் எண்ணெயையும் கெடுக்கும். அதோடு குச்சியின் மேல்தோல் சட்டென்று இறுகி, உள் ஈரம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். தொட்டால் கல் மாதிரி இருக்கும், உடைத்தால் நடுவில் கருமையாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஈரம். பத்து நாளில் மூட்டைக்குள் பூஞ்சை எழும்புவது அங்கிருந்துதான்.

ஈரம் பத்து சதத்துக்குக் கீழே வர வேண்டும். அளக்க இரண்டு வழி. நூறு கிலோ சரக்குக்கு ஊற்றிய தண்ணீர் அத்தனையும் போய், மொத்த எடை 97, 98 கிலோவுக்கு இறங்கியதா என்று பாருங்கள். 104 என்று காட்டினால் இன்னும் ஒரு வெயில். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், வெவ்வேறு தட்டுகளிலிருந்து எடுத்த 50 கிராமைப் பொடித்து, கருகாமல் சிறு தீயில் வாணலியில் பதினைந்து நிமிடம் புரட்டி மறுபடி நிறுங்கள். ஐந்து கிராமுக்கு மேல் குறைந்தால் காயவில்லை. இதற்குத் தங்கம் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும், பெரிய தராசில் தெரியாது.

அள்ளியதும் மூட்டை கட்டாதீர்கள். சூடான குச்சி சாக்குக்குள் வேர்க்கும். நிழலில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஆறட்டும். உள்ளே பாலித்தீன் பை வைத்த சாக்கில் 25 கிலோவாகக் கட்டி, தேதி எழுதி, மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். கோடையில் செய்ததை இரண்டு மாதத்துக்குள், மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு வெயிலை நம்பித் தீவனம் செய்யும் வேலையே வேண்டாம். புரட்டாசிக்குள் கையிருப்பைச் செய்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டு மாதத்துக்கு ஆலைத் தீவனம் வாங்குவது நஷ்டம் குறைந்த வழி.

தண்ணீரில் நிற்குமா என்று பார்க்க, ஒரு தம்ளரில் பத்துக் குச்சி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஊறிப் பருத்தாலும் உருவம் கலையாமல் எட்டுக் குச்சியாவது நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்திலேயே மேகம் போலக் கரைந்தால் மரவள்ளிக் கஞ்சி வேகவில்லை. நடுவில் பிளந்தால் அரைப்பு கரடு.

போடுவது

1000 சதுர மீட்டர் குட்டையில் 450 மீன், சராசரி 200 கிராம் என்றால் மொத்தம் 90 கிலோ. இந்தப் பருவத்தில் உடல் எடையில் மூன்று சதம், அதாவது நாளைக்கு 2.7 கிலோ. காலை எட்டரை, மாலை மூன்றரை என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். மூன்று வேளை முடிந்தால் இன்னும் நல்லது. இரைப்பை இல்லாத மீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால்தான் சேர்த்த லைசின் உடம்பில் ஒட்டும். குஞ்சுப் பருவத்தில் ஐந்து சதம், அரைக் கிலோவைத் தாண்டியதும் இரண்டு சதம். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வீச்சு வலையில் இருபது முப்பது மீன் பிடித்து நிறுத்து அளவை மாற்றுங்கள்.

இந்த அளவுக் குட்டைக்கு நான்கு தட்டு. முக்கால் மீட்டர் சதுரச் சட்டத்தில் வலை அடித்து, அடிமண்ணுக்கு ஒரு அடி மேலே நிற்கும்படி மூங்கிலில் கட்டுங்கள். போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுவேளை கால்வாசி குறையுங்கள், சுத்தமாகத் துடைத்திருந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். முதல் ஐந்தாறு நாள் பழைய பிசைந்த தீவனத்தில் பழகிய மீன் தட்டுப் பக்கம் வராது. பயந்துபோய்ப் பழையதற்குத் திரும்ப வேண்டாம். அதே தட்டில் பாதிக்குப் பாதி வைத்துப் பழக்குங்கள்.

வானம் மூடிய நாளில் பாதி. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்றைக்கு முழுவதும் நிறுத்தம், தண்ணீர் மாற்றுங்கள் அல்லது மோட்டாரைப் போட்டு வாரி இறையுங்கள். முழங்கை வரை தண்ணீரில் விட்டால் உள்ளங்கை தெரியாத அளவுக்குக் குளம் கரும்பச்சையாக இருந்தாலும் குறைக்க வேண்டும். இரண்டு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ மீன் என்ற கணக்கு வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி. மூன்றைத் தொட்டால், தட்டில் மிச்சம் விழுகிறதா, அரைப்பு கரடா, புண்ணாக்கில் மணலா என்று பின்னாலிருந்து முன்னால் தேடுங்கள்.

நிறுக்கப் பிடித்த மீனை நிறுத்ததும் தண்ணீரில் விட்டுவிடாமல் ஒரு நிமிடம் உடம்பைப் பாருங்கள். முதுகெலும்பு வளைந்திருந்தால் வைட்டமின் சி வெயிலிலோ சூட்டிலோ போயிருக்கும், பாஸ்பேட் குறைந்தாலும் எலும்பு கோணும். கண்ணில் வெண்படலம் பல மீனில் தெரிந்தால் துத்தநாகம் எட்டவில்லை. ஃபைட்டேட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, புளிக்க வைப்பதைச் சுருக்கிவிட்டீர்கள். வயிற்றைக் கீறிப் பார்க்கும் மீனில் ஈரல் வெளிறி மஞ்சளாக, தொட்டால் குழைந்தால் அந்த மூட்டைத் தீவனத்தை அன்றே நிறுத்துங்கள். அது புண்ணாக்கில் வந்த பூஞ்சையாக இருக்கலாம், காறிய எண்ணெயாக இருக்கலாம். எந்தத் தேதி மூட்டை, எந்தக் கடைச் சரக்கு என்று சாக்கின் மேல் எழுதி வைத்திருந்தால் மற்ற மூட்டைகளைக் காப்பாற்றிவிடலாம்.